ஒரு லிட்டர் டீசல், ஒரு கிலோமீட்டர் குகை

கடலூர் திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. நண்பரின் மகன், புதுச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கிறார். "பெரியப்பா, நம்ம பக்கம் எல்லா லைனிலும் கரண்ட் கம்பி வந்துவிட்டது. டீசல் இன்ஜின்கள் ஷெட்டில் சும்மா நிற்கின்றன. புதுச்சேரிக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டி, கம்பி, சப்ஸ்டேஷன் எதுவும் இல்லாமல், அந்த இன்ஜின்களையே மெட்ரோ மாதிரி ஓட்டினால் செலவு எவ்வளவு மிச்சம்! மலைக் குகைகளில் டீசல் வண்டி ஓடத்தானே செய்தது?" டீ ஆறுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

முதலில் ஒன்று. நான் சுரங்கப்பாதை என்று சொல்வது, ஒரு மழை பெய்தாலே முட்டிவரை தண்ணீர் நிற்கும் ரயில்வே கேட் சப்வே அல்ல. வீடுகளுக்கு அடியில் பல கிலோமீட்டர் போகும் குழாய். எங்கள் ரயில்வே பேச்சில் அதைக் குகை என்றே சொல்லிப் பழக்கம்.

ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். இன்ஜின் ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, நடுவில் ஸ்டேஷன்கள், அங்கே கைக்குழந்தையோடு நிற்கும் ஜனம், இதெல்லாம் சேர்ந்த நகர ரயிலாக மட்டும் ஓட்ட முடியாது. காரணம் புகை என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி காரணம்தான். கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத இரண்டு விஷயங்கள் முந்திக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேனாவும் டீக்கடை பில்லின் பின்பக்கமும் போதும். மெட்ரோ குகையின் உள்விட்டம் ஏறக்குறைய 6 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அதில் இருக்கும் காற்று சுமார் 28,000 கன மீட்டர். அதற்குள் ஒரே ஒரு லிட்டர் டீசலை எரிக்கிறோம்.

பிராணவாயு தீர்ந்துவிடுமா? தீராது. ஒரு லிட்டர் எரிய சுமார் 10 கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் போதும். "மூச்சு முட்டிச் செத்துவிடுவார்கள்" என்று டீக்கடையில் இன்னொருவர் குறுக்கே சொன்னாரே, அதை ஒதுக்கி வைக்கலாம்.

அப்புறம் சூடு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது. 28,000 கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 34 மெகாஜூல் வேண்டும். அதாவது ஒரு லிட்டர், ஒரு கிலோமீட்டர், ஒரு டிகிரி. கணக்கு இவ்வளவு வாகாக வந்து உட்காரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றப் போன பங்கும் அடுத்த ஸ்டேஷனில் பிரேக் போடும்போது சூடாகித் திரும்ப வந்துவிடும், எதுவும் வெளியே போகாது. சுவரும் மண்ணும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சுவரே சில வருடங்களில் சூடேறிவிடும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நின்று நின்று கிளம்பும் 200 டன் வண்டிக்கு, என் கணக்கில், கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் போகும். மணிக்கு 12 வண்டி, அதுவும் நம் கத்திரி வெயில் மாதத்தில். மின்சார வண்டியும் குகையைச் சூடாக்கும், ஆனால் அதைப்போல் பல மடங்கு குறைவாக. மின்சாரத்தைத் தயாரிக்கும்போது வீணாகும் சூடு குகைக்குள் வருவதில்லை. பிரேக் போடும்போதும் நல்ல பங்கைக் கம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, நைட்ரஜன் டை ஆக்சைடு. தீபாவளி இரவில் தொண்டையைக் கமறச் செய்யும் வாயுக்களில் இதுவும் ஒன்று. பழைய டீசல் இன்ஜின் ஒரு யூனிட் வேலைக்கு 10 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகள் கக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இந்த டை ஆக்சைடு என்று தாராளமாகவே விட்டுக்கொடுப்போம். ஒரு லிட்டரில் 4 யூனிட் வேலை கிடைக்கும். ஆக 4 கிராம். அதை நம் குகைக் காற்றில் கலந்தால் கன மீட்டருக்கு 140 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குச் சொல்லும் அளவு 200. ஒரே ஒரு வண்டி இரண்டு லிட்டர் எரித்துக்கொண்டு போனாலே அளவு தாண்டிவிட்டது. அப்போது குகையில் கருப்பாக ஒன்றும் தெரியாது, எட்டிப் பார்ப்பவருக்குக் காற்று சுத்தமாகவே தோன்றும். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் 2012-ல் சேர்த்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"ஸ்டேஷனில்தான் கண்ணாடிக் கதவு இருக்கிறதே பெரியப்பா, சென்னை மெட்ரோவில் பார்த்தேன்" என்றார் தம்பி. நல்ல கேள்வி. ஆனால் வண்டி வந்ததும் அந்தக் கதவு திறக்கத்தான் வேண்டும். அதைவிட முக்கியம், பெட்டியின் ஏசி உள்ளே இருப்பவர்களுக்குப் புதுக் காற்று எங்கிருந்து எடுக்கும்? குகையிலிருந்துதான்.

சரி, இதெல்லாம் மனிதர்களுக்கு. இன்ஜினுக்கு என்ன ஆகும் என்பதை நான் கையால் தொட்டுச் சொல்ல முடியும். டீசல் ஷெட்டில் 27 வருடம் இருந்தவன். எங்களுக்குச் சோறு போட்டது டபிள்யூடிஎம்-2 என்ற ஆல்கோ இன்ஜின். 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி, 1962-ல் அமெரிக்காவிலிருந்து வர ஆரம்பித்து, பிறகு வாரணாசியிலேயே செய்தது. டிரைவர் நாட்சை, அதாவது இன்ஜினின் வேகப் படியை, சட்டென்று ஏற்றினால் தலைக்கு மேல் கருப்பாக ஒரு குடை விரியுமே, பார்த்திருப்பீர்கள். டீசல் உடனே கூடிவிடும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மட்டும் தூங்கி எழுந்தவன் மாதிரி நிதானமாக வேகம் பிடிக்கும். காற்று வந்து சேரும்வரை அந்த டீசல் கரியாகத்தான் போகும். நகர ரயில் என்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இப்படித்தான் கிளம்ப வேண்டும், அதுவும் ஜனத்தின் பக்கத்திலேயே.

அந்த இன்ஜினின் ஒரு முனையில் ரேடியேட்டர் அறை. இரண்டு பக்கமும் ரேடியேட்டர், கூரையில் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி. பக்கவாட்டில் காற்றை இழுத்து, சூடாக்கி, வானத்தைப் பார்த்து ஊதும். வெட்டவெளியில் அருமையான ஏற்பாடு. குகைக்குள் வானம் ஏது? ஊதிய சூடான காற்று கூரையில் மோதி, இரண்டு பக்கமும் வழிந்து இறங்கி, திரும்ப ரேடியேட்டருக்குள்ளேயே போகும். ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று சூடு ஏறும். கொஞ்ச நேரத்தில் கேபினில் ஹாட் இன்ஜின் மணி அடிக்க ஆரம்பிக்கும், டிரைவர் நாட்சைக் குறைப்பார், ஏற்றத்தில் வண்டி முனகும். அமெரிக்காவில் சதர்ன் பசிபிக் கம்பெனி சியெரா நெவாடா மலைக் குகைகளில் இதே பாடு பட்டு, 1970-களில் காற்றை மேலேயிருந்து எடுக்காமல் நடைபலகை மட்டத்தில், கீழேயிருந்து எடுக்கும் இன்ஜின்களைச் செய்ய வைத்தது. அவற்றுக்குப் பெயரே 'டனல் மோட்டார்'. குகையில் கீழே இருக்கும் காற்றுதான் கொஞ்சமாவது குளிர்ச்சி, அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ஷெட்டிலேயே இதன் ஒரு சின்னப் பதிப்பை அனுபவித்திருக்கிறேன். ரிப்பேர் முடிந்த இன்ஜினை, அது தரும் கரண்டை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸில் மாட்டி, நின்ற இடத்திலேயே எட்டாம் நாட்ச் வரை ஏற்றிச் சோதிப்போம். அதை வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு ஐப்பசி இரவு, கொட்டும் மழை. காலையில் இன்ஜின் போயாக வேண்டும் என்று மேலிருந்து அவசரம். கூரைக்குள்ளேயே வைத்துச் செய்தோம். அந்தக் கூரைக்கு நான்கு பக்கமும் திறப்புதான், சுவர்கூட முழுதாக இல்லை. கால் மணி நேரத்தில் வெங்காயம் அரிந்தது போல எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். எலக்ட்ரீஷியன் ஒருவர் மழையிலேயே வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வாய்க்குள் ஒரு பைசா நாணயத்தை வைத்திருப்பது போன்ற ருசி அடுத்த நாள் மதியம்வரை போகவில்லை. திறந்த கூரைக்கு அடியில், ஒரு இன்ஜினுக்கு, கால் மணிக்கே இந்தக் கதி.

நகரத்துக்கு அடியில் புகை வண்டி விட்டுப் பார்க்காமல் இல்லை. 1863 ஜனவரியில் லண்டனில் உலகத்தின் முதல் பாதாள ரயில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் நடுவில் ஓடியபோது இழுத்தது நீராவி இன்ஜின்தான். நீராவியைத் தொட்டியில் குளிர வைத்து அடக்கினார்கள், புகைக்கு அங்கங்கே கூரையில்லாமல் விட்டார்கள். அப்படி விட்ட ஒரு பள்ளம் லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற பணக்காரத் தெருவில் வந்தது. தெருவின் அழகு கெடுகிறதென்று 23, 24-ம் எண் வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் முகப்பை மட்டும் கட்டி நிறுத்தினார்கள். கதவு, ஜன்னல், தூண் எல்லாம் உண்டு, பின்னால் வீடு இல்லை, தண்டவாளம்தான். இன்றும் நிற்கிறது. நம்ம புதுச்சேரி வெள்ளை நகரத்தில் துமாஸ் வீதியில் நடக்கும்போது ஏதாவது ஒரு மஞ்சள் முகப்பைப் பார்த்தால் எனக்கு அந்த நினைப்பு வரும்.

லிவர்பூலில் மெர்சி ஆற்றுக்கு அடியில் 1886-ல் திறந்த ரயில் இன்னும் பரிதாபம். ராட்சத விசிறிகள் வைத்தும் காற்று சுத்தமாகவில்லை. ஜனம் பழையபடி படகுக்கே போய்விட்டார்கள், கம்பெனி கடனில் மூழ்கியது. 1903-ல் மின்சாரத்துக்கு மாற்றிய பிறகுதான் அது உருப்பட்டது. நியூயார்க்கில் 1902 ஜனவரி 8 அன்று பார்க் அவென்யூ குகையில் புகையும் நீராவியும் சிக்னலை மறைத்து, நின்றிருந்த வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி மோதி 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் போட்டு மன்ஹாட்டனுக்குள் நீராவி இன்ஜினையே 1908 முதல் தடை செய்தார்கள். இத்தாலியில் பால்வானோ பக்கம் 1944 மார்ச்சில் நடந்ததை விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. ஏற்றத்தில் குகைக்குள் சக்கரம் வழுக்கி வண்டி நின்றுவிட்டது. கார்பன் மோனாக்சைடில் 500 பேருக்கு மேல் தூங்கியபடியே போனார்கள்.

இவையெல்லாம் நிலக்கரி, டீசல் அல்ல என்று தம்பி சொல்வார். ஒப்புக்கொள்கிறேன், டீசலில் மோனாக்சைடு குறைவு. ஆனால் பாஸ்டனில் பேக் பே என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது, கட்டடங்களுக்கு அடியில் மூடிய பிளாட்பாரம், டீசல் வண்டிகள் வந்து நிற்கும். அங்கே காற்றைப் பற்றிய புகார் பல வருடத்து வழக்கம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டிலும் அதே கதை. இரண்டிலும் குகை நீளம்கூட இல்லை, பிளாட்பாரத்துக்கு மேல் மூடி போட்டதற்கே இந்தப் பாடு.

இப்போது மலைக் குகைக்கு வருவோம், தம்பியின் வாதத்தில் பலமான இடம் அதுதான். காஷ்மீரில் பனிஹால்–காஜிகுண்ட் நடுவில் பீர் பஞ்சால் குகை, 11.2 கிலோமீட்டர், 2013 ஜூனில் திறந்தார்கள். கம்பி வரும்வரை ஒன்பது வருடம் அதில் டீசல் வண்டிதான் ஜனத்தை ஏற்றிக்கொண்டு போனது. கொங்கண் ரயில்வேயில் ஆறரை கிலோமீட்டர் கர்புடே குகையிலும் 2022 வரை டீசல் ஓடியது. நேத்ராவதி எக்ஸ்பிரஸில் ஒரு முறை அதற்குள் போயிருக்கிறேன். பழகிய பயணிகள் குகை வருவதற்கு முன்பே பேச்சை நிறுத்தாமல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். செங்கோட்டை வழியாக ஆரியங்காவு குகையில் போன நம் ஆட்களுக்கும் அந்தக் கைப்பழக்கம் உண்டு.

ஆனால் அங்கே வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் நல்ல இடைவெளி. குகை தானாகவோ விசிறியாலோ மூச்சு விட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது. உள்ளே ஸ்டேஷன் இல்லை, இறங்கி நிற்பவர் இல்லை. அமெரிக்காவில் 12.5 கிலோமீட்டர் காஸ்கேட் குகையைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று புரியும். அங்கே முதலில் மின்சாரம்தான் இருந்தது. 1956-ல் கம்பியைக் கழற்றிவிட்டு டீசலுக்கு மாறினார்கள், தம்பி கேட்டதையே செய்து காட்டியவர்கள்! அதற்காகக் குகையின் ஒரு வாயில் பெரிய கதவும் விசிறிகளும் வைத்தார்கள். ஒரு வண்டி வெளியேறியதும் கதவை மூடி அரை மணி நேரம் போல ஊதிப் புகையைத் தள்ளிய பிறகுதான் அடுத்த வண்டி. சரக்கு வண்டிக்கு அது சரி. அரை மணிக்கு ஒரு வண்டி என்றால் அதற்கு மெட்ரோ எதற்கு, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸே போதும். விசிறிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. எப்படியும் சப்ஸ்டேஷன் கட்டத்தான் வேண்டியிருக்கும். மிச்சம் என்று சொன்ன காசு அங்கே போய்விடும்.

நகரக் குகைக்குள் டீசல் அடியோடு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குகை தோண்டும்போது மண் வண்டிகளை இழுப்பது பெரும்பாலும் குட்டி டீசல் இன்ஜின்கள்தான், மேலிருந்து மூட்டை மாதிரி உப்பிய குழாயில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகும், இரவில் கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பியையும் தண்டவாளத்தையும் பார்க்கப் போகும் பராமரிப்பு வண்டிகள் பல ஊர்களில் டீசலில் போகின்றன. லண்டனில் அதற்கும் பேட்டரி இன்ஜின் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடிக் குகையில் 2009 டிசம்பரில் பனியால் ஐந்து யூரோஸ்டார் வண்டிகள் மாட்டிக்கொண்டபோது, மீட்புக்குப் போனவற்றில் டீசல் இன்ஜின்களும் உண்டு.

உண்மையிலேயே டீசல் வண்டி நகரத்துக்கு அடியில் போயாக வேண்டும் என்றால் அதற்கு வழி, இரண்டு வயிறு உள்ள இன்ஜின். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் போகும் சில வண்டிகள் புறநகரில் டீசலில் ஓடி, குகை வந்ததும் டீசலை அணைத்துவிட்டு பக்கத்தில் கரண்ட் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் போகும். மான்ட்ரியலில் 5 கிலோமீட்டர் மவுண்ட் ராயல் குகைக்கும், 2020-ல் மெட்ரோவுக்காக அதை மூடும்வரை, இதே ஏற்பாடு. கம்பி இல்லாத கிராமப் பாதையில் டீசல், குகை வாயில் கூரையிலுள்ள கரண்ட் எடுக்கும் கையான பேண்டோவைத் தூக்கிக் கம்பியைத் தொட்டதும் மின்சாரம். இந்த இன்ஜின்கள் விலையும் அதிகம், எடையும் அதிகம். வேறு வழியில்லாத ஊர்கள் செய்த சமரசம் அது. நம் பக்கம் புறநகர்ப் பாதையிலேயே கம்பி வந்துவிட்ட பிறகு இந்தச் சுமை எதற்கு?

மின்சாரம் புகையே விடாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நம் மாவட்டத்துக்காரன் அப்படிச் சொன்னால் நெய்வேலிச் சிம்னி சிரிக்கும். ஆனால் 200 மீட்டருக்கு மேலே வானத்தில் விடும் புகையும், குழாய்க்குள் முகத்தில் அடிக்கும் புகையும் ஒன்றல்ல.

புதுச்சேரிக்குக் குகை தேவையா என்பது வேறு கேள்வி. எனக்குத் தேவையென்று தோன்றவில்லை. கடலோர மணல், கொஞ்சம் தோண்டினாலே ஊற்று, ஊரும் கையடக்கம். விழுப்புரம் பாதையில் அடிக்கடி மெமு என்ற குறுந்தூர மின்சார வண்டி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக, சும்மா நிற்கும் இன்ஜின்கள். தம்பிக்கு அவற்றின் மேல் இருக்கும் பரிதாபம் எனக்கும் உண்டு, என் கையில் ஆயில் பூசியவை அவை. சிலவற்றை வாரணாசியில் மின்சார இன்ஜினாகவே மாற்றிப் பார்த்தார்கள், 2019-ல் முதலாவதுக்குக் கொடி அசைத்தார்கள். மீதியில் சிலவற்றையாவது நம் கடற்கரைப் பாதைக்கு விட்டு வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது கம்பங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. அன்று நம் ரயில் பாதையில் கரண்ட் கம்பியே கிடையாது, எல்லாம் டீசல்தான். விழுந்த மரங்களை அறுத்து எடுத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. எங்கள் தெருவில் விளக்கு எரிய மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ இரவு, கும்மிருட்டில் திண்ணையில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஓ.டி. என்கிற கடலூர் ஓல்டு டவுன் பக்கமிருந்து ஆல்கோவின் ஹாரன் கேட்கும்.